பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பல வீட்டு அலமாரிகளில் கிளினிக் கொடுத்த சின்னப் பிளாஸ்டிக் உறை ஒன்று கிடக்கும். உள்ளே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரஸோல் அல்லது பாண்டோப்ரஸோல். மேலே மலாயில் 'சத்து பீஜி, சத்து காலி செஹாரி, செபெலும் மாக்கான்' என்று ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஒன்று, சாப்பாட்டுக்கு முன். எந்தச் சாப்பாட்டுக்கு முன், எவ்வளவு நேரம் முன் என்பது அதில் இருக்காது. இந்த மாத்திரை வேலை செய்வதும் செய்யாததும் அந்த இரண்டு கேள்வியைப் பொறுத்தது. "எத்தனை மாத்திரை போட்டும் காஸ்ட்ரிக் (வயிற்றெரிச்சல்) போகல" என்று சொல்கிறவர்களில் நிறையப் பேருக்கு மருந்தில் குறை இல்லை, போடும் நேரத்தில்தான் குறை.

ஏன் என்று பார்ப்போம். இரைப்பையின் சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. அமிலத்தை வெளியே தள்ளுவதற்கு அவற்றில் நுண்ணிய பம்ப்கள் உண்டு. பட்டினியாக இருக்கும்போது பெரும்பாலான பம்ப்கள் செல்லுக்குள் அடங்கிக் கிடக்கும். சாப்பாடு உள்ளே போனதும் எழுந்து வேலையைத் தொடங்கும். ஒமெப்ரஸோல் வகை மருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பை மட்டுமே பிடிக்கும். பிடித்துவிட்டால் விடாது, அந்த பம்ப் அத்தோடு செத்தது, உடம்பு புதிதாக ஒன்றைச் செய்தாக வேண்டும். ஆனால் மருந்து இரத்தத்தில் சுற்றுவது ஒன்றிரண்டு மணி நேரம்தான். ஆக, பம்ப்கள் எழும் நேரமும் மருந்து இரத்தத்தில் இருக்கும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். மாத்திரை குடலுக்கு இறங்கி, கரைந்து, இரத்தத்தில் ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்கிறார்கள்.

தோட்டத்து வேலை நேரத்தோடு இதை வைத்துப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரியும். காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு கோப்பி ஓ குடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போகிறார் ஒருவர். பால் மரம் சீவி முடித்தோ, நாலு வரிசை செம்பனைக் குலை இறக்கியோ உட்கார்ந்து பசியாறும்போது மணி பத்து. ஐந்து மணிக்குப் போட்ட மருந்து அதற்குள் இரத்தத்தைவிட்டுப் போய்விட்டது. பத்து மணிக்கு எழுந்த பம்ப்களைப் பிடிக்க ஆள் இல்லை. அவர் ஒரு நாளும் தவறாமல் மாத்திரை போடுகிறவர்தான். ஆனாலும் நெஞ்செரிச்சல் போகாது.

இவருக்கு 'காலை மாத்திரை' என்பது ஒன்பதரை மணி மாத்திரை. அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை மட்டும் கத்தரித்து, சாப்பாட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டு போகலாம். பசியாற உட்காருவதற்கு முந்தைய மரத்திலோ வரிசையிலோ ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கிவிட்டால் போதும். வேலை நடுவில் முடியாது என்றால் இராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள். இரவில்தான் எரிச்சல் அதிகம் என்பவர்களுக்கு அதுவே பொருந்தும். கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், சாயங்காலம் எழுந்து முதலில் வயிறு நிறைய எப்போது சாப்பிடுகிறாரோ அதற்கு அரை மணி நேரம் முன்பு. ஷிப்ட் மாறும் வாரத்தில் மாத்திரை நேரமும் சாப்பாட்டோடு சேர்ந்து மாற வேண்டும். லோரி ஓட்டுபவர், கடையில் வண்டியை நிறுத்தி மீ கோரிங் சொல்லிவிட்டு மாத்திரை போட்டால் பிந்திவிட்டது. முந்தைய டோலைத் தாண்டும்போதே போட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விரதம், கந்த சஷ்டி, தைப்பூச விரதம் என்று ஒரு பொழுது சாப்பிடுபவர்களும் அப்படித்தான். விரதம் விடும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. முழுப் பட்டினியாக இருந்துகொண்டு மாத்திரையை மட்டும் போடுவதில் பயன் குறைவு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மருந்து முதல் நாளே முழுவதும் அடக்காது. ஒரு வேளைக்கு அன்று எழுந்த பம்ப்களில் ஒரு பகுதிதான் பிடிபடும், மறுநாள் இன்னும் கொஞ்சம். முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். இரண்டு நாள் போட்டுவிட்டு "கேட்கல" என்று நிறுத்துவதும், வலி வரும்போது மட்டும் ஒன்று போடுவதும் இந்த வகைக்குப் பொருந்தாது. உடனே கேட்க வேண்டும் என்றால் அதற்கு வேறு மருந்து இருக்கிறது, கீழே வருகிறேன்.

ஒமெப்ரஸோல் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கடுகைவிடச் சிறிய, வெள்ளை உருண்டைகள் நிறைய இருக்கும். ஒவ்வொரு உருண்டைக்கும் தனித்தனியே ஒரு மேல்பூச்சு உண்டு. ஒமெப்ரஸோலை இரைப்பை அமிலமே அழித்துவிடும் என்பதால், குடலுக்குப் போகும்வரை தாங்குவதற்காகப் போட்ட பூச்சு அது. பாட்டியால் விழுங்க முடியவில்லை என்று உரலில் இடித்துக் கொடுத்தால் பூச்சு உடைந்து, மருந்து இரைப்பையிலேயே வீணாகிறது. விழுங்க முடியாதவர்களுக்குக் கேப்ஸ்யூலைத் திறந்து, உருண்டைகளை ஒரு கரண்டி தயிரிலோ ஆப்பிள் சாற்றிலோ கலந்து, மெல்லாமல் அப்படியே விழுங்கச் சொல்ல வேண்டும். கலந்ததை எடுத்து வைக்கக் கூடாது, உடனே முடித்துவிட வேண்டும். பாண்டோப்ரஸோல் முழு மாத்திரையாக வருவது; அதை உடைக்கவும் கூடாது, பாதியாக வெட்டவும் கூடாது.

ஈரமும் இதற்கு எதிரி. ஒரு வார மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு வைப்பது மற்ற மாத்திரைகளுக்குச் சரி, இதற்கு வேண்டாம். லோரி டேஷ்போர்டு, குளியலறை அலமாரி, அடுப்பு மேலிருக்கும் பலகை, இந்த மூன்றும் கூடாது. நம்ம ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் உருண்டைகள் பழுப்பேறிவிடும். நிறம் மாறியதைப் போடாதீர்கள்.

இனி அந்த உடனடி மருந்து. கிளினிக்கில் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் வெள்ளைத் தண்ணி மருந்துக்கு எம்.எம்.டி. என்று பெயர், மெக்னீசியம் டிரைசிலிகேட். சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கும், அடியில் படியும். 'கொன்சாங் செபெலும் குனா', அதாவது குடிக்கும் முன் குலுக்கவும் என்று லேபிளில் இருப்பது அதனால்தான். நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் மேலே இருக்கும் வெறும் தண்ணிதான் வயிற்றுக்குப் போகும், போத்தல் முடியும்போது கெட்டிக் குழம்பாக மருந்து மிஞ்சும். இது ஏற்கெனவே சுரந்த அமிலத்தை முறிக்கிறது, சுரப்பதைத் தடுப்பதில்லை.

இதற்கு நேரக் கணக்கு தலைகீழ். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி நேரத்தில் இரைப்பையிலிருந்து இறங்கிவிடும், எரிச்சல் திரும்ப வரும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால், சோற்றோடு சேர்ந்து இரைப்பையில் தங்கி இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். ஆக மாத்திரை சாப்பாட்டுக்கு முன், தண்ணி மருந்து சாப்பாட்டுக்குப் பின். இரண்டையும் ஒரே கையில் எடுத்து ஒன்றாகப் போடுவது பரவலான தவறு.

கேவிஸ்கான் கொஞ்சம் வேறு விதம். அதில் கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் இருக்கிறது. அமிலம் பட்டதும் ஜெல்லியாகி, சாப்பாட்டின் மேல் ஒரு தெப்பம் மாதிரி மிதக்கும். புளித்த தண்ணீர் மேலே தொண்டைக்கு ஏறாமல் மூடி வைக்கும். படுத்தால் நெஞ்செரியும், புளியேப்பம் வரும் என்பவர்களுக்கு இது நன்றாகக் கேட்கும். சாப்பிட்டு முடித்த பிறகும் படுக்கப்போகும் முன்பும் 10 முதல் 20 மில்லி. குடித்துவிட்டு மேலே ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தால் தெப்பம் கலைந்துவிடும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.எம்.டி.யிலும் கேவிஸ்கானிலும் 10 மில்லிக்கு ஏறக்குறைய 140 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஈனோ ஒரு பொட்டலத்தில் 700 மில்லிகிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு மொத்தமாகவே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, தினம் இரண்டு பொட்டலம் ஈனோ குடித்தால் குறைத்த உப்பெல்லாம் வேறு வழியில் உள்ளே வந்துவிடுகிறது. இதய வீக்கமும் கால் வீக்கமும் உள்ளவர்கள் ஈனோவை அறவே தொடாமல் இருப்பது நல்லது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெக்னீசியம், அலுமினியம் இரண்டுமே உடம்பில் தேங்கும். டயாலிசிஸ் செய்பவர்கள் கேட்காமல் எந்த வெள்ளை மருந்தையும் குடிக்கக் கூடாது. மற்றவர்களுக்கு மெக்னீசியம் வயிற்றைப் போக்கும், அலுமினியம் மலத்தைக் கட்டும். கடையில் விற்கும் பல மருந்துகளில் இரண்டையும் கலந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

இந்த வெள்ளை மருந்துகள் மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரை, டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளோக்சசின் ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம்.

பால் குடித்தால் அடங்கும் என்பது நம் வீடுகளில் பழைய நம்பிக்கை. குடித்தவுடன் அடங்குவது உண்மைதான். ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் கொஞ்ச நேரத்தில் கூடுதல் அமிலத்தைச் சுரக்கவைக்கும். படுக்கும் முன் பெரிய கிளாஸ் பாலைக் குடித்துவிட்டு இரவு இரண்டு மணிக்கு எரிச்சலோடு எழுந்திருப்பவர்கள் ஒரு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். கூடவே கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல்லோ பலகையோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணையை அடுக்குவது வேறு. அது இடுப்பில் மடங்க வைத்து வயிற்றை அழுத்தும்.

ஒமெப்ரஸோல் வகைக்கும் வெள்ளை மருந்துக்கும் நடுவில் இருப்பது ஃபமோடிடின். ஒரு மணி நேரத்தில் கேட்கும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். 20 மில்லிகிராம் இரு வேளை, அல்லது இரவில் 40. தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடம்பு பழகி, வேலை குறைந்துவிடும். எப்போதாவது வருபவர்களுக்குத்தான் உகந்தது. சிறுநீரகக் குறை உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து சிமெடிடின், 1976-இல் பிரிட்டனில் வந்தது. அதற்கு முன் ஆறாத புண்ணென்றால் கத்திதான். வயிற்றுக்குப் போகும் நரம்பை வெட்டுவார்கள், இரைப்பையில் ஒரு பாகத்தையே எடுப்பார்கள். சிமெடிடினைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது, முழுத் தகுதியோடு. அதே குடும்பத்து ரானிடிடின் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. 2019-இல் அதில் என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கலப்பு தெரியவந்து, பல நாடுகளில் திரும்பப் பெற்றார்கள். பழைய அட்டை ஏதாவது அலமாரியில் மிஞ்சியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்தும் புண் ஆறவில்லை என்றால், புண்ணை உண்டாக்குவது இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். நம்ம ஊரில் அது பெரும்பாலும் வலி மாத்திரை.

குலை வெட்டுபவருக்குக் கழுத்தும் தோளும், பால் மரம் சீவுபவருக்கு இடுப்பும் முட்டியும். வலிக்கு போன்ஸ்டான், வோல்ட்டரென், நாப்ரோக்சன், ஐபுப்ரோஃபென். எல்லாம் ஒரே இனம். வலியை உண்டாக்கும் பொருளைத் தடுக்கும் அதே கையால், இரைப்பைச் சுவரைக் காக்கும் சளியையும் இரத்த ஓட்டத்தையும் பராமரிக்கும் பொருளையும் தடுத்துவிடுகின்றன. காவல் இல்லாத சுவரில் அமிலம் குழி தோண்டுகிறது.

"சாப்பிட்டுட்டுத்தான் போடுறேன், ஒண்ணும் செய்யாது" என்பதை அழுத்திச் சொல்லி மறுக்க வேண்டியிருக்கிறது. சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுக் குமட்டலும் உறுத்தலும் குறையும், உண்மை. புண் வருவது குறையாது. ஏனென்றால் மாத்திரை இரைப்பைச் சுவரில் ஒட்டிச் சுடுவதால் மட்டும் புண் வருவதில்லை. இரத்தத்தில் ஏறி, இரத்தத்தின் வழியாக வந்து காவலை எடுக்கிறது. ஊசியாகப் போட்டாலும் ஆசனவாய் வழியாக வைத்தாலும் அதே கதை. வயதானவர்களுக்கு இன்னும் மோசம், வலியே இல்லாமல் புண் வந்து, முதல் அறிகுறியாக இரத்தமே வரும்.

அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர், முன்பு புண் வந்தவர், ஆஸ்பிரின் அல்லது வார்ஃபரின் சாப்பிடுபவர், ஸ்டீராய்டு எடுப்பவர், இவர்களுக்கு வலி மாத்திரை கட்டாயம் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், கூடவே ஒமெப்ரஸோல் வகை ஒன்றும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். மற்றபடி முதலில் பாரசிட்டமோல். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. கல்லீரல் பழுதோ தினமும் குடிப்பழக்கமோ இருந்தால் அளவைக் குறைத்துக் கேட்டுப் போட வேண்டும். முட்டிக்கும் தோளுக்கும் தடவும் ஜெல் நல்ல வழி, இரத்தத்தில் ஏறுவது மிகக் கொஞ்சம். இதய நோய்க்காக ஆஸ்பிரின் 100 மில்லிகிராம் சாப்பிடுபவர்கள், வயிறு எரிகிறது என்று தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரை சேர்ப்பார். ஆஸ்பிரினை நிறுத்தினால் அடைப்பு திரும்ப வரலாம்.

சந்தையிலும் ஃபேஸ்புக்கிலும் விற்கும் ஜாமு, மாஜூன் போன்ற நாட்டு மருந்துகள் இதைவிட ஆபத்து. மூன்று நாளில் முட்டி வலி மாயமாகப் பறந்துவிட்டது என்றால் உள்ளே டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ அரைத்துக் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதைத்தான். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுப் புண்ணுக்கு நேர் வழி. பெட்டியில் MAL என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும், மினுமினுக்கும் பாதுகாப்பு வில்லையும் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தென்றால் எண்ணின் கடைசி எழுத்து 'T'. எண்ணைத் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டி, பெட்டியில் உள்ள பெயரும் அங்கே வரும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். மாதக்கணக்கில் குடித்து முகம் உப்பியிருந்தால் திடீரென நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், மயங்கி விழக்கூடும். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

அடுத்தது கிருமி. ஹெலிகோபேக்டர் பைலோரி. அமிலத்தில் எதுவும் வாழாது என்று நம்பியிருந்த காலத்தில், 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் அதை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் கிருமி நிறைந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாளில் இரைப்பை அழற்சி வந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல். மலேசியாவில் செய்த ஆய்வுகளில் இந்தக் கிருமி மலாய்க்காரர்களிடம் குறைவாகவும் இந்தியர்களிடம் அதிகமாகவும் இருப்பது தெரிந்திருக்கிறது. ஆக நமக்கு இது பக்கத்து வீட்டு விஷயம் இல்லை. புண்ணுக்கு மட்டும் இல்லை, இரைப்பைப் புற்றுநோய்க்கும் இது காரணம். 1994-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அப்படி வகைப்படுத்திவிட்டது.

கண்டுபிடிக்க மூச்சுச் சோதனை, மலச் சோதனை, அல்லது குழாய் விட்டுப் பார்ப்பது. குழாய்க்கு இங்கிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். எந்தச் சோதனையானாலும் ஒமெப்ரஸோல் வகையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரம் முன்பு. இல்லாவிட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும், 'இல்லை' என்று பொய்யாக வரும். நிறுத்தும் இடைவெளியில் எரிந்தால் கேவிஸ்கான் போதும், சோதனை நாள் காலையில் அதுவும் வேண்டாம். ஆனால் புண்ணில் இரத்தம் வந்து தேறியவர்களும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

கிருமி இருந்தால் வழக்கமான மருந்து மூன்று: ஒமெப்ரஸோல் வகை ஒன்று, அமோக்ஸிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மில்லிகிராம். மூன்றும் காலையும் இரவும், 14 நாள். அமோக்ஸிசிலின் 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலாக வந்தால் ஒரு வேளைக்கு இரண்டு. ஆக ஒரு வேளைக்கு நான்கு உருப்படி, இரண்டு வாரத்தில் 112. 250 மில்லிகிராமாக வந்தால் அமோக்ஸிசிலின் மட்டுமே வேளைக்கு நான்கு. கவுண்டரில் வாங்கியதும் எண்ணிப் பாருங்கள், அங்கேயே. ஒமெப்ரஸோல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, ஆன்டிபயாட்டிக் இரண்டும் சாப்பிட்டு முடித்ததும்.

ஐந்தாம் நாள் வாக்கில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கிளாரித்ரோமைசினால் வாயெல்லாம் இரும்பு நக்கினாற்போல் கசக்கும், வயிறும் கொஞ்சம் போகும். வலி வேறு அதற்குள் நின்றிருக்கும். உறையில் 'ஹபிஸ்கான்', அதாவது முழுவதும் முடிக்கவும் என்று போட்டிருப்பது இந்த நாளுக்காகத்தான். பாதியில் விட்டால் சாகாமல் மிஞ்சும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை கிளாரித்ரோமைசின் பயன்படாது. ஒமெப்ரஸோல் வகையோடு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என்று நான்கு மருந்தை, பெரும்பாலானவற்றை நாளுக்கு நான்கு வேளை வரை, விழுங்க வேண்டிவரும். கசப்புக்கு ஒரு துண்டு ஊறுகாய் இஞ்சி, மோர், போதும். வயிற்றுப்போக்கு தண்ணீராக நிற்காமல் போனாலோ உடம்பில் தடிப்பு வந்தாலோ மட்டும் உடனே கிளினிக்குக்குப் போங்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மிக முக்கியமான ஒன்று. கொழுப்புக்குச் சிம்வாஸ்டட்டின் சாப்பிடுபவர்கள் இந்த 14 நாளும் அதைச் சாப்பிடக் கூடாது. கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் சிம்வாஸ்டட்டின் உடம்பில் பல மடங்கு ஏறி, தசை கரைந்து, சிறுநீர் கோப்பி நிறத்தில் போய், சிறுநீரகம் பழுதாகும். சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடோ கிளிக்லசைடோ சாப்பிட்டால் சர்க்கரை திடீரென இறங்கும், அம்லோடிபின் சாப்பிட்டால் பிரஷர் இறங்கும். கிளினிக்கில் ஒன்றும் வெளி டாக்டரிடம் ஒன்றுமாக மருந்து வாங்குபவர்கள், வீட்டில் இருக்கும் எல்லா உறைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் கள்ளு, சம்சு, பீர் எதுவும் கூடாது. மருந்து முடிந்த பிறகும் இரண்டு நாள். பிஸ்மத் சாப்பிடும்போது மலம் கறுப்பாகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்துத் திரும்பவும் சோதனை. வலி போனதை வைத்துக் கிருமி போனது என்று சொல்ல முடியாது.

எந்தக் கறுப்பு மலத்துக்குப் பயப்பட வேண்டும்? இரும்புச்சத்து மாத்திரையால் வருவது கரும்பச்சை, கட்டியாக இருக்கும். இரத்தக் கறுப்பு தார் மாதிரி. பளபளக்கும், கழிவறைக் கோப்பையில் ஒட்டும், ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் போகாது, நாற்றம் தனியாகத் தெரியும். வாந்தியில் கோப்பித்தூள் மாதிரி வந்தாலும் அதே பொருள். திடீரென வயிறு பலகை மாதிரி இறுகி, அசைய முடியாமல் வலித்தால் புண் ஓட்டையாகியிருக்கலாம். இவை மூன்றுக்கும் வெள்ளை மருந்தைக் குடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, 999-ஐ அழையுங்கள். சோறு இறங்கும்போது நெஞ்சில் தங்குவது, காரணமில்லாமல் மெலிவது, இரத்தச்சோகை ஆகியவை இருந்தால் அந்த வாரமே டாக்டரிடம்.

மாரடைப்பும் 'காஸ்ட்ரிக்' வேஷத்தில் வரும். நம்மில் சர்க்கரை அதிகம். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே மேல்வயிறு அமுக்குவது போல மட்டும் தோன்றலாம். வியர்த்துக் கொட்டுகிறது, தாடையோ இடது கையோ கனக்கிறது, மூச்சு வாங்குகிறது, நாலு படி ஏறினால் கூடுகிறது என்றால் ஈனோ குடித்து ஏப்பம் வருகிறதா என்று பார்க்க வேண்டாம். நேரே எமர்ஜென்சி.

கடைசியாக, எப்போது நிறுத்துவது. சிறுகுடல் புண்ணுக்கு நான்கு வாரம், இரைப்பைப் புண்ணுக்கு எட்டு வாரம், நெஞ்செரிச்சலுக்கு நான்கு முதல் எட்டு வாரம். பிறகும் தொடர்ந்து போடும் வழக்கமாகி ஐந்து வருடம், பத்து வருடம் என்று ஓடுகிறது. இரத்தக்கசிவு வந்து ஆஸ்பிரினைத் தொடர்பவர்கள், உணவுக்குழாய் மோசமாகப் புண்ணானவர்கள் ஆகியோருக்கு நீண்ட நாள் தேவைதான். மற்றவர்கள் வருடம் ஒரு முறையாவது 'இது இன்னும் வேண்டுமா' என்று கேட்க வேண்டும். நீண்ட நாள் போட்டால் மெக்னீசியமும் பி12-உம் குறையலாம், எலும்பு முறிவுக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும். மெட்ஃபோர்மினும் பி12-ஐக் குறைக்கும். சர்க்கரைக்கு அதையும் வயிற்றுக்கு இதையும் சேர்த்து வருடக்கணக்கில் போடுபவருக்குக் கால் மதமதப்பு வந்தால் எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் கட்டாமல் பி12 பார்க்கச் சொல்லுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக் குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கு ஒமெப்ரஸோலும் எஸோமெப்ரஸோலும் அதன் வேலையைக் குறைக்கும். பாண்டோப்ரஸோலுக்கு மாற்றித் தருவார்கள்.

நிறுத்தும்போது ஒரேயடியாக நிறுத்தினால் நாலைந்து நாளில் முன்பைவிட மோசமாக எரியும். நோய் திரும்பியதாக நினைத்துப் பலரும் மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். அது நோய் இல்லை. அடக்கி வைத்திருந்த செல்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கும் மேல் இருந்து, தானாக அடங்கும். டாக்டர் சரி என்றால் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அடுத்த இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒன்று, பிறகு நிறுத்தலாம். நடுவில் எரியும் நாட்களில் சாப்பிட்ட பின் கேவிஸ்கான் 10 மில்லி, அதற்கும் கேட்காத இரவுகளில் ஃபமோடிடின் ஒன்று. குறைக்கத் தொடங்குவதற்குத் தீபாவளி வாரத்தையோ கல்யாண வீட்டு வாரத்தையோ தேர்ந்தெடுக்காதீர்கள். முறுக்கும் ஆட்டுக்கறியும் இராத்திரி பதினொரு மணிச் சாப்பாடும் இல்லாத ஒரு சாதாரண மாதத்தில் தொடங்குங்கள்.